கம்பெனி டைம்

குல்ஷனைப் பற்றி யார் விசாரித்தாலும் எங்கள் முதலாளி உத்தமன் ஒரே பதில்தான் சொல்வார். நம்ம வீட்டுப் பொண்ணு என்பார். அதைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வீட்டுப் பொண்ணை வாசலில் விரல் ரேகை வைத்துவிட்டு உள்ளே வா என்று எந்த வீட்டில் சொல்கிறார்கள்?

நான் பார்வதம். திருமழிசை எஸ்டேட்டில் ஸ்பிரிங் செய்கிற கம்பெனியில் கடைசிச் சோதனை மேஜை என்னுடையது. நெமிலிச்சேரியிலிருந்து கம்பெனி வேனில் வருகிறேன். வாய் கொஞ்சம் நீளம் என்று வேன் டிரைவரிலிருந்து சூப்பர்வைசர் வரை எல்லோரும் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். கோணல் ஸ்பிரிங்கை நல்ல ட்ரேயில் போட என் கைக்கு வராது. பேச்சும் அப்படித்தான்.

குல்ஷன் கதையைச் சொல்வதற்கு முன்னால் கம்பெனி டைம் என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். ஊர் உலகத்துக்கு எட்டேகால் ஆகும்போது எங்கள் கம்பெனிச் சுவரில் எட்டரை. வாசலில் இருக்கும் விரல் ரேகை மிஷினிலும் எட்டரை. அதைத் தாண்டி ஒரு நிமிஷம் ஆனாலும் சிவப்பு விளக்கு எரியும், சம்பளத்தில் பிடிப்பார்கள். ஆட்கள் நேரத்தோடு வர வேண்டும் என்பதற்காக உத்தமன் செய்த ஏற்பாடு. சரி, காலையில் கால் மணி முன்னால் வந்தால் சாயந்தரம் கால் மணி முன்னால் விடுவார்களா? அந்தப் பேச்சே கிடையாது. சாயந்தர பெல்லை உத்தமன் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்து அடிக்கச் சொல்வார். அது நிஜ டைம். இதில் ஒரு ரகசியமும் இல்லை, எல்லோருக்கும் தெரியும். வேன் எப்போது வரும் என்று கேட்டால் கம்பெனி டைமா நிஜ டைமா என்று திருப்பிக் கேட்கிற அளவுக்குப் பழகிவிட்டோம். சுவரில் எந்த மணி தெரிந்தாலும் மனசு தானாகக் கால் மணியைக் கழித்துக்கொள்ளும். ஒருத்தரும் வாய் திறந்து கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை, இவ்வளவு வாய் இருந்தும்.

குல்ஷன் பூந்தமல்லிக்காரி. அவள் அத்தா சாதுல்லாவுக்கு, அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவாள், பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் சின்னச் செருப்புக் கடை. கம்ப்யூட்டர் படித்து முடித்த கையோடு எங்கள் ஆபீசில் பில் அடிக்கிற வேலைக்கு வந்தாள். வந்த கொஞ்ச நாளில், எங்கள் டெஸ்டிங் மிஷினுக்குப் புரோகிராம் எழுதிய இன்ஜினீயர் கனடாவுக்குப் போய்விட்டான். அந்த மிஷின் என் மேஜையிலிருந்து கை நீட்டும் தூரத்தில்தான் நிற்கிறது. ஒவ்வொரு ஸ்பிரிங்கையும் அமுக்கி, எவ்வளவு பலம் தாங்குகிறது என்று பார்த்து, ரிப்போர்ட் போட்டுத் தள்ளும். அதை ஓட்டுகிற கம்ப்யூட்டரில் விண்டோஸ் இல்லை, லினக்ஸ். இன்ஜினீயர் கிளம்பிய வாரமே மிஷின் மக்கர் பண்ணியது. உத்தமன் குல்ஷனைக் கூப்பிட்டு, நீ கம்ப்யூட்டர்தானே படிச்சே, பாரும்மா என்றார். அவள் பார்த்தாள். சரியாகிவிட்டது. அன்றைக்கு மாட்டினாள்.

அதற்குப்பிறகு அது சம்பந்தமாக எது நின்றாலும் குல்ஷன். சொல்லித்தர ஆள் கிடையாது, கேட்கக் கூட ஆள் கிடையாது. இன்ஜினீயர் விட்டுப்போன மூல புரோகிராமை, சோர்ஸ் என்பார்கள், படித்துப் படித்தே கற்றுக்கொண்டாள். மனுஷர் எழுதினதை மிஷினுக்குப் புரிகிற மாதிரி மாற்றிக் கட்ட வேண்டுமாம், அதற்கு பில்டு போடுவது என்று பெயர். பில்டு போட்டால் திரை முழுக்கக் கொத்துக் கொத்தாக எரர் வரும். நான் பார்த்துவிட்டு, இப்படித் திட்டுதே உனக்குக் கோபம் வரவில்லையா என்று கேட்டிருக்கிறேன்.

"திட்டலக்கா, எங்க வலிக்குதுனு சொல்லுது. மேல இருக்கற மொத வலிய மட்டும் பாக்கணும். அத சரி பண்ணா கீழ கீறது பாதி தானா போயிரும்" என்றாள்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு என் பக்கத்தில்தான் உட்காருவாள். அவள் வேலையைக் காது கொடுத்துக் கேட்க கம்பெனியில் நான் ஒருத்திதான் இருந்தேன். எனக்குப் பாதி புரியும். புரியாவிட்டாலும் கேட்பேன், ஏனென்றால் சொல்லும்போது அந்த முகம் அவ்வளவு நன்றாக இருக்கும்.

அவள் வேலையை விட முயன்றது இது மூன்றாவது தடவை. முதல் தடவை, பெரிய கம்பெனியிலிருந்து ஆடிட் வருகிறது, முடித்துவிட்டுப் போ என்றார் உத்தமன். முடிவதற்குள் அந்த வேலை கைநழுவிவிட்டது. இரண்டாவது தடவை அவருக்கு நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். பார்க்கப் போன குல்ஷனின் கையைப் பிடித்துக்கொண்டு, நீயும் போயிட்டா நான் என்னம்மா பண்ணுவேன் என்று கண் கலங்கினார். அது நடிப்பு என்று நான் சொல்ல மாட்டேன். நிஜமாகவே கலங்கியிருப்பார். அதுதான் சனியன். கத்துகிற முதலாளியிடமிருந்து தப்பிக்கலாம், அழுகிற முதலாளியிடமிருந்து எப்படித் தப்பிப்பது?

இந்தத் தடவை கிடைத்தது அம்பத்தூரில். ஆஸ்பத்திரிக் கருவிகள் செய்கிற கம்பெனி, எல்லாம் லினக்ஸ். காய்ச்சல் என்று லீவு போட்டுவிட்டு இன்டர்வியூ போய் வந்தாள். வந்து என்னிடம் சொன்னது சம்பளத்தைப் பற்றி இல்லை. அங்கே இதே வேலையைப் பார்க்கிற ஏழெட்டுப் பேர் ஒரு ரூமில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாள். ஒரு பொண்ணு எரர் வந்ததும் நாற்காலியைத் திருப்பிப் பக்கத்தில் இருந்தவளைக் கேட்டாளாம். கேட்டதும் அவள் சொன்னாளாம். இதைச் சொல்லும்போது குல்ஷன் சாப்பிடவே இல்லை. அடுத்த மாதம் முதல் தேதி வந்து சேர வேண்டும், பழைய கம்பெனியிலிருந்து ரிலீவிங் லெட்டர் கொண்டுவர வேண்டும், அதற்கு மேல் காத்திருக்க முடியாது என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள்.

உத்தமனிடம் சொன்னாள். அவர் சந்தோஷப்பட்டார் என்றுகூடச் சொல்லலாம். போய் நல்லா இரும்மா என்றார். அந்த வாரத்திலேயே டெஸ்டிங் மிஷினின் கம்ப்யூட்டர் புகைந்து செத்துப்போனது.

இதற்கு யார் மேலும் பழி போட முடியாது. அது அரதப் பழசு. புதுக் கம்ப்யூட்டர் வாங்கி வந்தார்கள், புது லினக்ஸ் போட்டாள். பழைய புரோகிராம் அதில் ஓடவில்லை. சோர்ஸிலிருந்து மறுபடி முழுசாக பில்டு போட்டால்தான் உண்டு. உத்தமன் என் மேஜைக்குப் பக்கத்தில் நின்றுதான் அவளிடம் சொன்னார். "மிஷின ஓட உட்டுட்டு போம்மா. அன்னிக்கே லெட்டர் தர்றேன். நான் இன்னா உன்ன கட்டியா போட்டு வச்சிருக்கேன்?"

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. எங்களுக்கும் அவசரம். மிஷின் நின்றதால் நானும் ரேணுகாவும் கை பிரஸ்ஸில் ஒவ்வொரு ஸ்பிரிங்காக அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தோம். தோள்பட்டை கழன்று விழுகிற மாதிரி வலி. குல்ஷன் எங்கள் கையைப் பார்க்கும்போதெல்லாம் தலையைக் குனிந்துகொள்வாள்.

ஆரம்பத்தில் வேகமாகத்தான் போனாள். அந்த ஃபைல் இல்லை என்றது, போட்டாள். லைப்ரரி என்கிற துணை புரோகிராம் இல்லை என்றது, அதையும் போட்டாள். அந்தக் காலத்து இன்ஜினீயர் ஏனோதானோ என்று எழுதி வைத்திருந்ததை எல்லாம் பழைய லினக்ஸ் கண்டுகொள்ளாமல் விட்டதாம், புதுசு ஒவ்வொன்றுக்கும் அடம் பிடித்தது. ஒவ்வொன்றாகச் சரிக்கட்டினாள். டெஸ்டிங் கம்ப்யூட்டர் இருந்த இடத்தில் கிரைண்டிங் தூசியும் சத்தமும் தாங்காது. அதனால் தன் சொந்த லேப்டாப்பில் திருத்தி, ஒயர் வழியாக அந்தக் கம்ப்யூட்டருக்கு அனுப்பி, அங்கே பில்டு போட்டாள். எரர் எல்லாம் வடிந்து கடைசியில் ஒரு வகை மட்டும் நின்றது. அன்டிஃபைன்டு ரெஃபரன்ஸ். பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள், அந்தப் பெயரில் இங்கே ஆளே இல்லை என்று அர்த்தமாம்.

இல்லை என்றால் எழுதிச் சேர்க்க வேண்டியதுதானே? சேர்த்தாள். அனுப்பினாள். பில்டு போட்டாள். அதே வரி. ஆள் இல்லை.

"எழுதிகினுதான் வந்தேன்க்கா. இதோ என் கண்ணு முன்னாடி கீது. அது இல்லன்னுது" என்றாள். அவள் குரல் அப்படி இறங்கி நான் கேட்டதில்லை.

அங்கேதான் அவள் சிக்கினாள். ஒரு திருத்தம் பலிக்கவில்லை என்றால் திருத்தம் தப்பு என்றுதானே யாரும் நினைப்பார்கள்? அவளும் அதை அழித்துவிட்டு வேறு மாதிரி எழுதுவாள். அதுவும் பலிக்காது. மூன்றாவதாக ஒன்று. நடுவில் திடீரென்று ஒன்று பலிக்கும், ஏன் பலித்தது என்று தெரியாது. அடுத்த எரருக்குப் போனால் மறுபடி அதே கண்ணாமூச்சி. எல்லாவற்றையும் அடியோடு அழித்துவிட்டு முதலிலிருந்து கட்டலாம், ஆனால் அந்தச் சின்னக் கம்ப்யூட்டரில் அதற்கு அரை நாள் போகும். ஒரு தடவை அதையும் செய்து பார்த்தாள். அதற்குள் சரியாக இருந்ததை அவளே அழித்திருந்தாள் போல, புதுசாக வேறு எரர் வந்து நின்றது. அவள் நன்றாக எழுதினதை அவளே தப்பு என்று தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தாள். பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அது அப்போது தெரியாது, அவளுக்கும் தெரியாது.

மாதக் கடைசி நெருங்கியது. உத்தமன் தினமும் வந்து எட்டிப் பார்ப்பார். கோபமே பட மாட்டார். சாப்பிட்டியாம்மா என்பார். ஒருநாள் வீட்டிலிருந்து அவளுக்கு மாம்பழம் கொண்டுவந்து கொடுத்தார். மெதுவா பண்ணும்மா, அம்பத்தூர் எங்கே ஓடிப்போயிடப் போகுது என்றார். அம்பத்தூர் ஓடிப்போகத்தான் போகிறது என்று அவருக்கு நன்றாகத் தெரியும். எனக்கு அந்த மாம்பழத்தைப் பிடுங்கிச் சாக்கடையில் எறியலாம் போலிருந்தது. குல்ஷன் வாங்கி மேஜை மேல் வைத்துக்கொண்டாள்.

வீட்டிலும் அவளுக்கு நிம்மதி இல்லை. அவள் அம்மா ஜீனத், செருப்புக் கடையில் பார்த்தபோது என்னிடமே கேட்டார். இவளுக்கு வேலை தெரியாமல் போய்விட்டதா, இல்லை போக மனசில்லாமல் இழுக்கிறாளா என்று. பெற்றவளே இப்படிக் கேட்டால் அந்தப் பெண் எங்கே போவாள்?

ஒன்றை மட்டும் அவள் கவனித்து வைத்திருந்தாள். லுஹர் தொழுகைக்கு மத்தியானம் ஸ்டோர் ரூமுக்குப் போவாள். அதற்கு மட்டும் அவள் போனில் இருக்கிற பாங்கு நேரத்தைத்தான் பார்ப்பாள், அல்லாவுக்குக் கம்பெனி டைம் கிடையாது என்று சிரிப்பாள். தொழுதுவிட்டு வந்து, சாப்பிட்டு, உட்கார்ந்து திருத்துகிற முதல் திருத்தம் எப்போதும் பலித்தது. தவறியதே இல்லை. உன் கம்ப்யூட்டருக்கும் துவா கேட்கிறது போல என்று நான் கிண்டல் செய்தேன். அவளும் பாதி நம்பினாள் என்று நினைக்கிறேன். மனசு நொந்தவர்களுக்கு எதையாவது பிடித்துக்கொள்ளத் தோன்றும்.

அதற்கடுத்த வாரம் அவளுக்கு மாதவிலக்கு. அந்த நாட்களில் தொழுகை கிடையாது. ஆனாலும் வயிறு வலிக்கிறது என்று என்னோடு வந்து சாப்பாட்டு நேரம் முழுக்கச் சும்மா உட்கார்ந்திருந்தாள். திரும்பிப் போய்த் திருத்தினாள். பலித்தது. மறுநாளும் அப்படியே. அப்போது டிபன் பாக்ஸை மூடிக்கொண்டிருந்தவள் கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"தொழுகை இல்லக்கா. கேப்பு. நான் கொஞ்ச நேரம் உட்டா வேல செய்யுது. உடனே பண்ணா செய்யல" என்றாள்.

எழுந்து ஓடினாள். நானும் பின்னாலேயே போனேன். திரையில் ஃபைல் பெயர்களையும் பக்கத்தில் அவற்றின் நேரத்தையும் வரிசையாகக் கொண்டுவந்தாள். தன் லேப்டாப்பை அதன் பக்கத்தில் வைத்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு ஸ்டூலில் மெதுவாக உட்கார்ந்தாள்.

அவள் எனக்குச் சொன்னதை எனக்குப் புரிந்த வரையில் சொல்கிறேன். பில்டு போடுகிற புரோகிராம் எல்லாவற்றையும் ஒவ்வொரு முறையும் கட்டாது, நேரம் மிச்சம் பிடிக்கும். நீ எழுதினது எத்தனை மணிக்கு, நான் கட்டினது எத்தனை மணிக்கு என்று மட்டும் பார்க்கும். எழுதினது புதுசாக இருந்தால் மறுபடி கட்டும். கட்டினது புதுசாக இருந்தால், அதான் கட்டியாச்சே என்று தொடாமல் விட்டுவிடும். குல்ஷனின் லேப்டாப்பில் இருந்தது நிஜ டைம், அங்கே எழுதின ஃபைல் அந்த மணியோடுதான் வந்து சேரும். டெஸ்டிங் கம்ப்யூட்டரில் இருந்தது கம்பெனி டைம். பத்து மணிக்குக் கட்டினால் அது பத்தேகால் என்று முத்திரை குத்திக்கொள்ளும். பத்தேகாலுக்குள் அவள் எதைத் திருத்தி அனுப்பினாலும் அதன் கண்ணுக்கு அது பழசு. அவள் எழுதினதைத் திறந்துகூடப் பார்க்காமலே, ஆள் இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. கால் மணி தாண்டி அனுப்பினால் மட்டும் ஒப்புக்கொண்டது.

இத்தனை நாளும் அந்த நேரங்கள் திரையில் வந்துகொண்டுதான் இருந்தன. அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் எங்கள் எல்லோரையும் போல அவள் மனசும் பார்த்த உடனே கால் மணியைக் கழித்துவிட்டது. கழித்துப் படித்தால் எல்லாம் ஒழுங்காகத்தான் இருக்கும். வெளியூர் ஆள் ஒருத்தன் வந்திருந்தால் ஐந்து நிமிஷத்தில் இதென்ன மணி தப்பாக இருக்கிறதே என்று கேட்டிருப்பான்.

"அது மட்டும் இல்லக்கா" என்றாள். "வாசல்ல அந்த ரேகை மிஷின் வந்தப்ப, கொஞ்சம் முன்னாடி தள்ளி வைம்மான்னு சாரு சொன்னாரு. நான்தான் சர்வர்ல தள்ளி வச்சேன். கம்பெனில எல்லா கம்ப்யூட்டரும் அத கேட்டுதான் மணி வச்சிக்குது. இதுவும் அத கேட்டுதான் வச்சிக்கிச்சு. நான் வச்சதுல நானே மாட்டிக்கிட்டேன்."

அதைத் தள்ளி வைத்தபோது அவளுக்கு இருபத்தொரு வயசு. முதலாளி சொன்னால் செய்யாமல் என்ன செய்வாள் என்று நான் சொன்னேன்.

சரிசெய்ய ரொம்ப நேரம் ஆகவில்லை. இரண்டு பக்கமும் ஒரே மணியாக இருந்தால் போதும், நிஜமோ பொய்யோ அதற்குக் கவலை இல்லை. அவசரத்தில், கம்பெனியைத் தொட்டால் வம்பு என்று, தன் லேப்டாப்பைக் கம்பெனி டைமுக்கு மாற்றிக்கொண்டாள். அதற்குப்பிறகு எழுதின எல்லாம் பலித்தது. மறுநாள் சாயந்தரம் மிஷின் ஓடியது. ரேணுகா கை பிரஸ்ஸைத் துணியால் மூடி வைத்துவிட்டு அதற்கு ஒரு கும்பிடு போட்டாள். உத்தமன் எல்லோருக்கும் லட்டு வாங்கிக் கொடுத்தார். குல்ஷன் தலையில் கை வைத்து, நம்ம வீட்டுப் பொண்ணு என்றார்.

லட்டு வாயில் இருக்கும்போதே அடுத்ததைச் சொன்னார். புதுசாக ஒரு ஆளைப் போட்டு, இதையெல்லாம் அவனுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போம்மா, ஒரு மாசம், ரெண்டு மாசம், அவ்வளவுதான். அம்பத்தூர்க்காரர்களிடம் நானே பேசுகிறேன். ஆள் எங்கே என்று நான் கேட்டேன். தேடணும் என்றார்.

குல்ஷன் என் மேஜைக்கு எதிரில் வந்து உட்கார்ந்தாள். லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு அதன் மூலையில் இருந்த மணியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"என் சொந்த காசுல வாங்குனதுக்கா இது. இதக்கூட அவரு டைமுக்கு மாத்திகினு உக்காந்துகினுகீறேன்."

அவள் முதலில் லேப்டாப்பின் மணியைச் சரியாக்கினாள். பிறகு எழுந்து ஆபீசுக்குள் போனாள். திரும்பி வந்தபோது, நான் வச்சத நானே எடுத்துட்டேன் என்று மட்டும் சொன்னாள். சர்வரில் மணியைத் திருத்தியிருந்தாள், சுவர்க்கடிகாரத்தையும் நிஜ டைமுக்குத் திருப்பியிருந்தாள்.

மறுநாள் காலை நாங்கள் வேனிலிருந்து இறங்கி ஓட்டமும் நடையுமாகப் போய் விரலை வைத்தோம். மிஷின் எட்டு பத்து என்றது. யாருக்கும் புரியவில்லை. பெல் அடிக்கவில்லை. நாற்பது பேர் கேட்டுக்கு உள்ளே என்ன செய்வதென்று தெரியாமல் நின்றோம். ரேணுகா ஒரு பெட்டி மேல் உட்கார்ந்து ஆரஞ்சுப் பழம் உரித்து எல்லோருக்கும் சுளை கொடுத்தாள். முலாம் பூசுகிற பிளேட்டிங் பையன்கள் ரோட்டுக்குப் போய் டீ குடித்துவிட்டு வந்தார்கள். வேலை ஆரம்பிக்கும் முன்னால் நாங்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துப் பேசியது அன்றைக்குத்தான். ரொம்ப சந்தோஷமாக இருந்தது. மறைக்க என்ன இருக்கிறது, அந்தக் காலை எனக்கு இன்னும் இனிக்கிறது.

உத்தமன் கார் வந்தது. நிற்கிற கூட்டத்தைப் பார்த்தார், ரேகை மிஷினைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவருக்கு விளக்கம் தேவைப்படவில்லை. குல்ஷனைக் கூப்பிட்டார்.

"யார கேட்டு கை வச்ச?"

மணி தப்பாக இருந்ததால்தான் புரோகிராம் இத்தனை நாள் கட்டவில்லை என்று அவள் சொல்ல ஆரம்பித்தாள். அவர் முடிக்க விடவில்லை.

"புரோகிராம் கட்டலன்னா போவுது. ஊட்டுப் பொண்ணாட்டம் வச்சிருந்தா கம்பெனி டைம்லயே கை வைப்பியா நீ? லெட்டர் அடிக்க சொல்றேன், வாங்கிகினு கெளம்பு. இன்னிக்கே கெளம்பு."

கேட்டுக்கொண்டு நின்ற எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. ஆடிட்டைக் காட்டி நிறுத்தினவர், நெஞ்சுவலியில் கையைப் பிடித்துக்கொண்டு விட மறுத்தவர், மிஷின் செத்துக் கிடந்தபோது மாம்பழம் கொண்டுவந்து கொடுத்தவர், கால் மணி நேரத்துக்காக அவளை விட்டுவிட்டார். பிறகு குல்ஷன் முகத்தைப் பார்த்தேன். சிரிப்பு போய்விட்டது. அவள் கேட்டது கிடைத்துவிட்டது. ஆனாலும் அடி வாங்கின முகம் அது. அவர் பாசத்தை அவள் கொஞ்சமாவது நம்பியிருக்கிறாள் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

லெட்டரை டைப் செய்து உத்தமன் மேஜையில் வைத்தார்கள். அவர் கையெழுத்துப் போடவில்லை. போவதற்கு முன்னால் மணியைப் பழையபடி தள்ளி வைத்துவிட்டுப் போ, வைத்ததும் போடுகிறேன் என்று சொல்லியனுப்பினார். வேறு யாருக்கும் அதைத் தள்ளத் தெரியாதே.

குல்ஷன் என் மேஜைக்கு வந்து நின்றாள். எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தோம்.

"உங்க எல்லாரோட கால் மணிக்கா அது. என்னால முடியாது" என்றாள். கண் நிறைந்திருந்தது.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. யார் மேல் என்று தெரியாத கோபம். அவளை அதட்டினேன்.

"போய் தள்ளி வச்சிட்டு வாடி. இத்தினி வருஷமா குடுத்துகினுதான கீறோம். நீ இங்க நின்னுட்டா எங்களுக்கு திரும்பி வந்துருமா? போ."

ரேணுகாவும் போ என்றாள். பின்னால் நின்ற ஆட்களும் தலையசைத்தார்கள். அவள் ஆபீசுக்குப் போய் மணியைத் தள்ளி வைத்தாள். சுவர்க்கடிகாரத்தை வாட்ச்மேன் தள்ளி வைத்தார். லெட்டரில் கையெழுத்து விழுந்தது.

கிளம்பும் முன்னால் டெஸ்டிங் கம்ப்யூட்டரிடம் வந்து கொஞ்ச நேரம் உட்கார்ந்தாள். சோர்ஸ் எல்லாவற்றையும் அதிலேயே போட்டு வைத்தாள். இனிமேல் வருகிறவர் இங்கேயே எழுதி இங்கேயே கட்டட்டும், ரெண்டு மணி வேண்டாம், ஒரு மணி போதும் என்றாள். இது சர்வரை மணி கேட்காதபடி அறுத்துவிட்டேன், தானாக ஓடும் என்றாள். பிறகு என் வலிக்கிற தோளை ஒரு தடவை அமுக்கிவிட்டுப் போனாள். முதல் தேதி அம்பத்தூரில் சேர்ந்துவிட்டாள்.

அவள் போன பிறகுதான் கவனித்தேன். அந்தத் திரையின் மூலையில் இருந்தது நிஜ டைம். சர்வரைத் தள்ளி வை என்று உத்தமன் சொன்னார், அதைத் தள்ளி வைத்தாள். இதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

இப்போது அம்பத்தூரிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்கிறாள். அங்கே முதல் வாரம் முழுக்க தினமும் கால் மணி முன்னாலேயே போய் கேட்டுக்கு வெளியே நின்றிருக்கிறாள். ஏன்மா சீக்கிரம் வர்றே என்று செக்யூரிட்டி கேட்டாராம். அழுகை வந்துவிட்டது என்றாள். இப்போது பழகிவிட்டதாம். எரர் வந்தால் நாற்காலியைத் திருப்பிக் கேட்கிறாளாம்.

இங்கே காலையில் பெல் அடிக்கிறது. சுவரில் எட்டரை. மற்றவர்கள் குனிந்து வேலையை ஆரம்பிப்பார்கள். நான் அந்தத் திரையின் மூலையைப் பார்ப்பேன், எட்டேகால் என்று இருக்கும். நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். மூலையில் எட்டரை ஆனதும் முதல் ஸ்பிரிங்கை எடுப்பேன். போன வாரத்திலிருந்து ரேணுகாவும் கையைக் கட்டிக்கொள்கிறாள். நேற்று உத்தமன் வந்து எங்களைப் பார்த்தார், எங்கள் கண் போகிற இடத்தைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். இதன் மணியை யாராவது மாற்றி வையுங்கள் என்று சூப்பர்வைசரிடம் கத்தினார்.

அதை மாற்றத் தெரிந்த ஆள் அம்பத்தூரில் இருக்கிறாள் சார் என்று நான்தான் சொன்னேன்.